முன்முனை குத்தும் பலகை: குளுவாங் நண்பருக்கு

வணக்கம். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்துக் குளுவாங்கில் நண்பர்களுடன் பிளைவுட்டை அறுத்துச் செய்த சிறு அலையேற்றப் பலகைகள், அம்மாநிலத்தின் தெசாரு கடற்கரையில் அலையில் ஏறியதும் முன்முனை நீருக்குள் குத்துவதாகவும், ஓரங்கள் அடுக்கடுக்காகப் பிரிவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

குத்துவதற்கு முதற்காரணம், நீங்களே குறிப்பிட்டதுபோல், பலகை முனைவரை தட்டையாக இருப்பதுதான். அலையின் முகம் செங்குத்தாகும்போது தட்டையான முனை நீரில் செருகிக்கொள்ளும். உடல் எடையும் முன்னே சாய்ந்திருந்தால் தப்பவே முடியாது. ஒரே தடித்த பலகைக்குப் பதிலாக, மெல்லிய பிளைவுட் தாள்கள் இரண்டுக்கு இடையே எபாக்சி எனும் பிசின் பசை தடவி, முனை மேல்நோக்கி வளையும்படி அதற்கு அடியில் கட்டையொன்றைக் கொடுத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி ஓரிரவு காயவிடுங்கள். கழற்றியதும் வளைவு சற்றுத் தளரும் என்பதால், வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வளைக்க வேண்டும். ஹவாயில் வயிற்றில் படுத்து ஓட்டும் பைப்போ பலகைகள் சிலவற்றிலும் முனை இப்படி நிமிர்ந்தே இருக்கும்.

ஓரம் பிரிவது பிளைவுட்டின் குற்றம். அலமாரி செய்யும் மலிவுச் சரக்கின் பசை தண்ணீரைத் தாங்காது; நீரைத் தாங்கும் பசையுள்ள மரைன் பிளைவுட் வாங்குங்கள். வெட்டுமுகம்தான் நீரை உறிஞ்சும் என்பதால், அதை உப்புத்தாளால் தேய்த்து இரண்டு மூன்று முறை எபாக்சி பூசுங்கள். வார்னிஷ் மட்டும் போதாது.

நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் கிழக்குக் கரையில் அலை பெருகும், கடலுக்குள் இழுக்கும் நீரோட்டமான இழுப்போட்டமும் வலுக்கும். சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதீர்கள். இழுத்துக்கொண்டு போனால் எதிர்த்து நீந்தாமல், பலகையைப் பிடித்தபடி கரைக்கு இணையாக விலகி, பிறகு திரும்புங்கள். பலகையின்றி உடலாலேயே அலையேறும் நண்பர்களுக்குக் காலில் துடுப்புச் செருப்பு அவசியம்.