ஓமத்தண்ணீருக்குக் கேட்காத வயிற்றுவலி

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. போன கோடை விடுமுறையில் ‘மிட்பிரெயின் ஆக்டிவேஷன்’ (நடுமூளையைத் தூண்டிவிடுவதாம்) பயிற்சியில் சேர்த்தோம். 2 நாள் வகுப்பு, 20,000 ரூபாய் கட்டணம். இப்போது கண்ணைக் கட்டிவிட்டாலும் புத்தகம் படிக்கிறாள், சீட்டின் நிறம் சொல்கிறாள். வீட்டுக்கு யார் வந்தாலும் என் கணவர் செய்துகாட்டச் சொல்வார். அன்றைக்கென்று அவளுக்குக் காலையிலேயே வயிறு வலிக்கும். ஓமத்தண்ணீர் கொடுத்தால் அப்போதைக்குச் சரியாகிவிடும். அடுத்த மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் 200 பெற்றோர் முன்னால் டெமோ செய்ய பயிற்சி மையத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். மூளை அலை, குவாண்டம் என்று அவர்கள் ஏதேதோ சொல்கிறார்கள். என் தம்பி எல்லாம் ஏமாற்று என்கிறான். இப்படிப்பட்ட அபூர்வ சக்தியை அறிவியலால் விளக்க முடியுமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அந்த வயிற்றுவலியிலிருந்து ஆரம்பிக்கிறேன், சகோதரி. நீங்கள் அதை ஒரே வரியில் சொல்லி, ஓமத்தண்ணீரோடு முடித்துவிட்டீர்கள். ஆள் வரும் நாளில் மட்டும், அதுவும் காலையிலேயே வலிக்கிறது. உண்மையிலேயே ஒரு சக்தி கிடைத்த குழந்தை எப்படி இருக்கும்? புதிதாகச் சைக்கிள் பழகிய பிள்ளையைப் பார்த்ததில்லையா, போதும் என்றாலும் இறங்காது. உங்கள் மகளோ பயப்படுகிறாள். இன்றைக்கு மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் அது. மாதக்கணக்கில் அதைத் தனியாகச் சுமந்துகொண்டு இருக்கிறாள். கூடவே இருக்கும் அம்மாவுக்கு அது கண்ணில் படவில்லை என்பதில்தான் எனக்குக் கோபம்.

சரி, அறிவியல் கேட்டீர்கள். இன்று ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு, அவள் கட்டிக்கொள்ளும் அதே கண்பட்டையை எடுத்து நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள். இறுக்கமாகவே கட்டுங்கள். மடியில் ஒரு பத்திரிகையை விரித்து வையுங்கள். கண்ணை ஒருமுறை இறுக்கி மூடி, புருவத்தைத் தூக்கித் திறந்தால் பட்டை கொஞ்சம் நகரும். தாடையை லேசாக உயர்த்திக் கீழே பாருங்கள். மூக்கின் ஓரமாக ஒரு கீற்று வெளிச்சம் தெரியும், அதற்குள் எழுத்தும் தெரியும். முதலில் நாலைந்து எழுத்து. பழகப் பழக முழு வரி. மூக்குத்தண்டு உயர்ந்திருப்பதால் துணி அந்த இடத்தில் படிவதில்லை, அவ்வளவுதான்.

இது பழைய வித்தை. 1960-களில் சோவியத் நாட்டில் ரோசா குலெஷோவா என்ற பெண் விரலால் தடவியே எழுத்தைப் படிக்கிறார் என்று உலகம் முழுக்கப் பேசினார்கள். அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1966-இல் ‘சயன்ஸ்’ இதழில் கொடுத்த விளக்கம் இந்த மூக்கோரப் பார்வைதான். மங்களூருவைச் சேர்ந்த பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் இதே மிட்பிரெயின் வியாபாரத்தை எதிர்த்துப் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார்.

மிட்பிரெயின் என்பது நடுமூளை. சுமார் 2 சென்டிமீட்டர் நீளம். கண்ணை அசைப்பதும், சத்தம் வந்த பக்கம் சட்டென்று திரும்புவதும் அதன் உதவியோடுதான் நடக்கின்றன. பிறந்த நாளிலிருந்தே அது வேலை செய்கிறது. அதில் ஒரு பகுதியின் செல்கள் அழிந்துபோனால் வருவதுதான் பார்க்கின்சன் நோய். தூங்கிக்கொண்டிருந்த நடுமூளையைத் தட்டி எழுப்பினோம் என்பவர்கள் அதைப் பாடப்புத்தகத்தில்கூடப் பார்க்காதவர்கள்.

மூளை அலைக்கு வருவோம். ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மன்காரர் இளம் வயதில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து, மயிரிழையில் உயிர் தப்பினார். அன்றைக்கே அப்பாவிடமிருந்து தந்தி வந்தது, நலமா என்று கேட்டு. அவருக்கு ஏதோ ஆபத்து என்று அவருடைய சகோதரி மனசில் பட்டதாம். ஒரு மனம் இன்னொரு மனத்துக்குச் செய்தி அனுப்ப முடியுமென்றால் மூளையில் அதற்கான சக்தி இருக்கவேண்டுமே என்று அதைத் தேடியே மருத்துவரானார். 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதல்முறையாகப் பதிவு செய்தார், 1929-இல் வெளியிட்டார். இன்று வலிப்பு நோய்க்கு எடுக்கிறார்களே இஇஜி, அது அப்படி வந்தது. அவர் தேடிய, மனசுக்கு மனசு போகும் தந்தி மட்டும் கிடைக்கவே இல்லை. தலையில் மின்முனைகளை ஒட்டி அளந்தாலே அந்த அலை மைக்ரோவோல்ட் கணக்கில்தான் வருகிறது. அது புத்தகத்தைப் போய்ப் படித்துவிட்டு வராது.

சோதித்துப் பார்க்காமல் யாரும் ஒதுக்கிவிடவில்லை. இலங்கையில் வாழ்ந்த பகுத்தறிவாளர் டாக்டர் ஆபிரகாம் கோவூர் 1963-இல் 1 லட்சம் ரூபாய் சவால் விட்டார். மூடி முத்திரை வைத்த உறைக்குள் இருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைப் படித்தால் போதும். 1978-இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வாங்கவில்லை. தொலைவில் இருப்பதை மனசால் பார்க்கும் உளவாளிகளுக்காக அமெரிக்க அரசு 20 வருஷத்துக்கு மேல் செலவழித்தது, சுமார் 2 கோடி டாலர். 1995-இல் உருப்படியாக ஒரு தகவல்கூடக் கிடைக்கவில்லை என்று மூடிவிட்டார்கள்.

குழந்தை பொய் சொல்கிறதா என்று உடனே கேட்பீர்கள். அப்படி ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. வகுப்பில் இன்னொரு பிள்ளை “தெரியுது, தெரியுது” என்று கத்துகிறது, மாஸ்டர் கைதட்டுகிறார், வெளியே அப்பா ஆவலாகக் காத்திருக்கிறார். உங்கள் குழந்தைக்கும் இடுக்கில் கொஞ்சம் தெரிகிறது. இதுதான் சக்தி போல என்று அதுவே முதலில் நம்பியிருக்கும். புரிந்த பிறகு யாரிடம் போய்ச் சொல்லும்? 20,000 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள், உறவெல்லாம் கூடி மெச்சுகிறது. உங்கள் மானத்தைக் காப்பாற்றும் வேலையை அந்தப் பிள்ளை தலையில் வைத்திருக்கிறீர்கள். பிள்ளையின் மானத்தைப் பெற்றவர்கள் காப்பாற்றவேண்டும். இங்கே தலைகீழாக நடக்கிறது. இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

அதனால் அவளுக்குப் பரீட்சை வைக்காதீர்கள். தம்பியைக் கூப்பிட்டுக் கருப்பு டேப் ஒட்டிய கண்ணாடி மாட்டிப் பார்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள். நீங்கள் கட்டிப் பார்த்தது போதும். அவள் தனியாக இருக்கும்போது, தலை பின்னிவிடும்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள்: “நானும் கட்டிப் பார்த்தேன் கண்ணு, எனக்கும் தெரிஞ்சுது. இனிமே யார் கேட்டாலும் நீ செய்ய வேண்டாம், அம்மா பார்த்துக்கறேன்.” அழுதால் அழட்டும். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள். வலி அதற்கப்புறமும் வந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கணவருக்கும் அதே பட்டையைக் கட்டிவிடுங்கள். தன் கண்ணாலேயே படித்த பிறகும் பிள்ளையை மேடையேற்றுவேன் என்று நின்றால், நீங்கள் குறுக்கே நிற்கவேண்டும். வீட்டுச் சமாதானத்துக்காக இதை விட்டுக்கொடுக்கக்கூடாது. மண்டபத்தில் உட்காரப்போகும் 200 பேரில் நகையை அடகு வைத்துப் பணம் கட்டப்போகிறவர்களும் இருப்பார்கள். உங்கள் மகளைப் பார்த்துத்தான் கட்டுவார்கள்.

நாளைக் காலை மையத்துக்குப் போன் செய்து, டெமோவுக்கு வரமாட்டாள், அவள் போட்டோவையும் வீடியோவையும் எடுத்துவிடுங்கள் என்று சொல்லுங்கள், எழுத்திலும் அனுப்புங்கள். ரசீதையும் நோட்டீஸையும் பத்திரமாக வையுங்கள். பணம் திரும்ப வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் போன் முதலில்.