கேட்டலினா 22 மாதிரி சின்ன பாய்மரப் படகுல மாஸ்ட்டை (பாய் கட்டுற கம்பத்தை) கிரேன் இல்லாம பத்திரமா இறக்கி ஏத்த முடியுமா?

முடியும். ரெண்டு பேர் இருந்தா தாராளமா முடியும். நான் இருக்குறது மிச்சிகன், செயின்ட் கிளேர் ஏரி பக்கம், இங்க குளிர்ல ஏரி உறைஞ்சிடும்ங்கறதால அக்டோபர் வாக்குல சின்ன படகெல்லாம் கரையேறிடும், அதனால வருஷா வருஷம் மாஸ்ட்டை இறக்குறதும் ஏத்துறதும் எங்களுக்கு பழகிப்போன வேலைதான்.

மொதல்ல அண்ணாந்து பாருங்க. சும்மா சொல்லல, கரண்ட் கம்பி இருக்கான்னு பாருங்க. 25 அடி அலுமினியம் மாஸ்ட், அதை ட்ரெய்லர்ல இருக்குற படகு மேல நிமித்துனா உச்சி தரையிலேர்ந்து 30 அடிக்கு மேல போயிடும். நிமித்துற இடத்துல மட்டும் பாத்தா பத்தாது, அங்கேர்ந்து தண்ணிக்கு வண்டிய உருட்டிட்டு போற வழி முழுக்க பாக்கணும். இதுல ஆள் செத்திருக்காங்க. ஹோபி 16ங்கற கேட்டமரான்ல (ரெட்டை உடல் பாய்மரப் படகு) மாஸ்ட்டோட மேல் துண்டை மட்டும் மின்சாரம் பாயாத பைபர்ல பண்ண ஆரம்பிச்சதே இந்த மாதிரி விபத்துங்களாலதான்.

சரி, இப்ப விஷயத்துக்கு வருவோம். எல்லாரும் மாஸ்ட் வெயிட்டுன்னு பயப்படுறாங்க, வெயிட்டு ஒண்ணும் பெருசில்ல, கோணம்தான் ஆளை அடிக்கும். ஊர்ல நீள மூங்கில் ஏணியை சுவத்துல நிமித்தி சாத்தியிருப்பீங்கள்ல, தரையிலேர்ந்து கிளப்புறப்போ உயிர் போகும், பாதி நிமிந்ததும் லேசாயிடும், அதே கதைதான் இது. மாஸ்ட் 25 கிலோன்னு வச்சுக்கோங்க, அது படகோட பின்பக்கமா படுத்திருக்கு, முன்னாடி மூக்குலேர்ந்து ஃபோர்ஸ்டேயை (மாஸ்ட் உச்சிலேர்ந்து மூக்குக்கு வர்ற கம்பி) இழுத்து தூக்கிடலாம்னு நெனச்சா நடக்காது, ஏன்னா இந்த படகுல மாஸ்ட்டோட கால் கேபின் மேல இருக்கு, மூக்கு அதைவிட ஒரு ஒன்றரை அடி கீழ இருக்கு, அதனால மாஸ்ட் படுத்திருக்குறப்போ நீங்க இழுக்குற இழு அதை தூக்காது, மேற்கொண்டு கீழதான் அமுக்கும். அதனாலதான் நெறைய பேர் கேபின் மேல ஏறி தோள்ல வச்சு தள்ளுறாங்க. யூட்யூப்ல பாக்க கெத்தா இருக்கும். கால் வழுக்குனா கத முடிஞ்சிது, எனக்கு அந்த முறை சுத்தமா பிடிக்காது.

இதுக்குத்தான் ஜின் போல். மாஸ்ட் அடியிலேர்ந்து முன்பக்கமா, மாஸ்ட்டுக்கு 90 டிகிரில நிக்குற ஒரு கம்பம், 6 அடி இருந்தா போதும், பூமையே (பாயோட அடியில படுக்கையா இருக்குற கம்பம்) கூட வச்சுக்கலாம். அதோட நுனில ஒரு பக்கம் ஜிப் ஹேல்யார்டை (முன்பாயை மாஸ்ட்ல ஏத்துற கயிறு) கட்டணும், இன்னொரு பக்கத்துலேர்ந்து கப்பி போட்டு மூக்குக்கு கயிறு. மாஸ்ட் அடியிலேர்ந்து மூக்கு 8 அடின்னு வச்சு கணக்கு போட்டா மாஸ்ட் படுத்திருக்குறப்போ கயித்துல வர்ற இழுவை ஒரு 70 கிலோ, மெயின்ஷீட்ல (பெரிய பாயை இழுத்துப் புடிக்கிற கயிறு) இருக்குற 4க்கு 1 கப்பியவே மாட்டுனா கைக்கு வர்றது 20 கிலோ சொச்சம். என் மச்சினன் ஊர்லேர்ந்து வந்தப்போ அவனே ஒத்த கையால இழுத்துட்டு இதுக்கா இவ்வளவு பில்டப்புன்னு கேட்டான். கயிறோட மறுமுனையை மட்டும் கிளீட்ல (கயிறு சுத்திக் கட்டுற கொம்பு) ஒரு சுத்து சுத்தி வச்சுக்கோங்க, கை நழுவுனாலும் மாஸ்ட் நழுவக்கூடாது.

அடுத்தது பக்கவாட்டு ஆட்டம். இதைத்தான் பாதி பேர் மறந்துடுறாங்க. மாஸ்ட் நேரா நிக்குறப்போ ரெண்டு பக்க ஷ்ரவுடும் (மாஸ்ட்டை பக்கவாட்டுல தாங்குற கம்பி) இறுக்கமா புடிச்சிருக்கும், ஆனா பின்னாடி சாய சாய எல்லாம் தொளதொளன்னு ஆயிடும், அந்த நேரம் பக்கத்துல ஒரு மோட்டார் போட் போயி அலை அடிச்சா மாஸ்ட் சைடுல சரிஞ்சு அதோட அடில மடங்குற கீலை (ஹின்ஜ்) முறுக்கி உடைச்சிடும். அதனால மாஸ்ட்ல ஆளுயரத்துலேர்ந்து ரெண்டு பக்கமும் தற்காலிகமா கயிறு கட்டணும், அதோட கீழ்முனை மாஸ்ட் மடங்குற போல்ட்டுக்கு நேர் பக்கத்துல, அதே உயரத்துல இருக்கணும், அப்பதான் மாஸ்ட் எந்த கோணத்துல இருந்தாலும் கயிறு ஒரே இறுக்கமா நிக்கும். ஜின் போலுக்கும் இதே மாதிரி ரெண்டு கட்டுங்க. என்னைக் கேட்டா தண்ணில வச்சு பண்ணவே வேணாம், காத்து இல்லாத காலை நேரமா பாத்து ட்ரெய்லர்ல வச்சு பண்ணுங்க, ட்ரெய்லர் கார்லேயே மாட்டியிருக்கட்டும், கழட்டிட்டு ரெண்டு பேரும் படகோட பின்பக்கம் ஏறுனா ட்ரெய்லர் மூக்கு மேல தூக்கிக்கும்.

இறக்குறப்போ வரிசை முக்கியம். பாய், பூம் எல்லாம் கழட்டியாச்சா, மாஸ்ட் லைட்டோட வயர் கழட்டியாச்சா, பின்னாடி தாங்குறதுக்கு முட்டுக்கட்டை வச்சாச்சா, எல்லாம் ஆனப்புறம் ஜின் போல் கயிறை இறுக்கி மாஸ்ட்டோட பாரம் அதுல வந்துடுச்சான்னு ஆட்டிப் பாருங்க. அப்புறம்தான் முன்பக்க லோயர் ஷ்ரவுடையும் (மாஸ்ட்டோட நடுப்பக்கத்துலேர்ந்து வர்ற கம்பி) ஃபோர்ஸ்டேயையும் கழட்டணும். மேல் ஷ்ரவுட், பின்பக்க லோயர், பேக்ஸ்டே (உச்சிலேர்ந்து பின்பக்கம் வர்ற கம்பி) இதையெல்லாம் தொடவே வேணாம். ஒருத்தர் கயிறை விட்டுக் குடுக்கணும், இன்னொருத்தர் பின்னாடி நின்னு வாங்கிக்கணும், பின்னாடின்னா மாஸ்ட்டுக்கு நேர் கீழ இல்ல, ஓரமா. இறங்குனப்புறம் போல்ட்டை உருவுறதுக்கு முன்னாடி அடிப்பக்கத்தை யாராவது புடிச்சுக்கோங்க, மாஸ்ட்டோட நடுப்பாரம் கிட்டத்தட்ட முட்டுக்கட்டை மேலேயே விழறதால போல்ட் போனதும் அடி பொசுக்குன்னு மேல தூக்கும்.

ஏத்துறப்போ கூடுதலா ஒண்ணு, டர்ன்பக்கிளைப் (கம்பியோட அடியில இறுக்குறதுக்கு இருக்குற திருகு) பாத்துக்கிட்டே இருங்க. மாஸ்ட் நிமிர நிமிர அது கோணலா மாட்டிக்கும், இல்ல ஷ்ரவுட் ஏதாவது கிளீட்ல சிக்கிக்கும், கவனிக்காம இழுத்தா திருகு வளைஞ்சிடும், வளைஞ்சதை நிமித்திப் போட்டு ஓட்டாதீங்க, புதுசு மாத்திடுங்க. கயிறு திடீர்னு கனமாச்சுன்னா பலமா இழுக்குறத விட்டுட்டு நிறுத்தி எங்க சிக்கியிருக்குன்னு பாருங்க.

ரோலர் ஃபர்லர் (முன்பாயை ஃபோர்ஸ்டேயை சுத்தி சுருட்டுற அமைப்பு) இருந்தா மட்டும் மூணாவது ஆள் வேணும், அதுல இருக்குற நீள அலுமினிய குழாயை யாராவது தாங்கிக்கிட்டே வரலைன்னா நடுவுல மடங்கிடும்.