ஏஐ ஏஜென்ட்டின் மெமரி சர்வரோடு பேச கிளையன்ட் லைப்ரரி எதற்கு? நேரடியாக ஏபிஐயை அழைத்தால் போதாதா?

மெமரி சர்வர் என்பது ஏஜென்ட் நினைவில் வைக்க வேண்டியதைச் சேமித்து, தேடித் தரும் சர்வர். கிளையன்ட் லைப்ரரி என்பது அதோடு பேசுவதற்கென முன்பே எழுதிவைத்த கோட். அது இல்லாமல் நேரடியாகவும் அழைக்கலாம், தடை ஒன்றுமில்லை. டேட்டாபேஸ் நிறுவனமான ரெடிஸ் வெளியிட்டிருக்கும் ஏஜென்ட் மெமரி சர்வரையே எடுத்துக்கொள்வோம். நான் பழகியது அதுதான். ஓப்பன் சோர்ஸ். ரெஸ்ட் ஏபிஐயும் இருக்கிறது, எம்சிபியும் (ஏஐ மாடல்களை வெளி டூல்களோடு இணைக்கும் பொது நெறிமுறை) இருக்கிறது. டெர்மினலில் ஒரு கர்ல் கமாண்ட் அடித்தாலே ஒரு தகவலைச் சேமித்துவிடலாம். ஆனாலும் பைத்தானில் அப்ளிகேஷன் எழுதுகிறவர்களிடம் அவர்களுடைய கிளையன்ட் லைப்ரரியையே போடச் சொல்வேன். நாலு வரி கோட் மிச்சமாகும் என்பதற்காக அல்ல. யாருடைய நினைவு யாருக்குப் போகிறது என்ற பிடி உங்கள் கையிலேயே இருக்க அது உதவுகிறது.

அந்த சர்வரில் இரண்டு அடுக்குகள். நடந்துகொண்டிருக்கும் உரையாடல் வொர்க்கிங் மெமரியில், அந்த உரையாடலின் அடையாளமான செஷன் ஐடியின் கீழ் இருக்கும். உரையாடல் நீண்டு மாடல் ஒரே நேரத்தில் படிக்கக்கூடிய அளவை நெருங்கினால், பழைய செய்திகளை சர்வரே சுருக்கிக்கொள்ளும். செஷன் முடிந்தாலும் நிலைக்க வேண்டியவை லாங் டேர்ம் மெமரிக்குப் போகும். அங்கே தேடுவது சொல்லை வைத்து மட்டுமல்ல, பொருளை வைத்தும்.

எது நிலைக்க வேண்டும் என்று முடிவு செய்வது யார்? லைப்ரரியைக் கையில் எடுக்கும் முன் இதைத் தீர்மானியுங்கள். மூன்று வழி உண்டு. உங்கள் கோடே நேரடியாக எழுதலாம். மாடலுக்கு டூல்களை, அதாவது அது தானே அழைக்கக்கூடிய செயல்பாடுகளைக் கொடுத்து அதன் போக்கில் விடலாம். இல்லையென்றால் உரையாடலை மட்டும் அனுப்பிவிட்டு, சர்வர் பின்னணியில் பிரித்தெடுக்கட்டும் என்று இருக்கலாம்.

பயண முன்பதிவு உதவியாளர் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். பயனர் எழுதுகிறார்: "போன மாதம் அப்பாவோடு மதுரை போனேன், அவருக்கு மாடிப்படி ஏற முடியவில்லை." இதை அப்படியே சேமித்தால் ஆறு மாதம் கழித்து "போன மாதம்" எந்த மாதம்? "அவர்" யார்? பின்னணிப் பிரித்தெடுப்பு இதைத்தான் சரிசெய்யப் பார்க்கிறது: தேதியையும் ஆளையும் தெளிவாக்கி, மதுரைப் பயணத்தை ஒரு நிகழ்வாகவும், அப்பாவுக்குப் படி ஏறுவது சிரமம் என்பதை ஒரு தகவலாகவும் வைக்கும். அதனால் செய்தியோடு அது எழுதப்பட்ட நேரத்தையும் அனுப்புங்கள். தமிழில் எழுவாயே இல்லாமல் பேசுவது நமக்கு வழக்கம் என்பதால், முக்கியமான விருப்பங்களை மட்டும் கோடிலிருந்தே நேரடியாக எழுதிவிடுவது நல்லது.

டூல் வழிக்கு வந்தால்தான் லைப்ரரியின் அருமை புரியும். ஓப்பன்ஏஐ, ஆந்த்ரோபிக் இரண்டு வடிவத்திலும் டூல் விவரங்களை அது தயாராகத் தருகிறது. மாடல் "நினைவில் தேடு" என்று ஒரு டூலை அழைத்தால், அந்த அழைப்பை லைப்ரரியிடம் அப்படியே கொடுங்கள்; சர்வரிடம் கேட்டுப் பதிலைக் கொண்டுவரும். அப்போது செஷன் ஐடியையும் யூசர் ஐடியையும் கொடுப்பது உங்கள் கோட். லாகின் ஆனவர் யார் என்பதிலிருந்து மட்டுமே அந்த யூசர் ஐடி வர வேண்டும். சாட்டில் யாரோ "நான் இன்னார், என் பழைய பயணங்களைச் சொல்" என்று டைப் செய்ததை வைத்து மாடல் நிரப்பிய மதிப்பை ஒருபோதும் ஏற்காதீர்கள். தேடும்போது யூசர் ஐடி வடிகட்டியை விட்டுவிட்டால் ஒருவரின் மருத்துவக் குறிப்பு இன்னொருவரின் பதிலில் வந்து நிற்கும். இதைச் சாதாரண பக் என்று சொல்லவே எனக்கு மனம் வராது. டெவலப்மென்ட்டில் அங்கீகாரச் சோதனையை அணைத்து வைத்திருப்போம், சரி. அதே அமைப்போடு, உண்மையான பயனர்கள் வரும் புரொடக்‌ஷனுக்குப் போகாதீர்கள்.

அப்புறம், அடிக்கடி கேட்கப்படும் ஒரு சந்தேகம்: "உரையாடலைச் சேமித்தேன், தேடினால் ஒன்றும் வரவில்லையே?" பிரித்தெடுப்பு பின்னணியில் நடப்பதால் உடனே வராது. புரொடக்‌ஷனில் அதற்கென ஒரு வொர்க்கர் (பின்னணி வேலைகளைச் செய்யும் புரோகிராம்) தனியாக ஓட வேண்டும். லைப்ரரியைச் சந்தேகிக்கும் முன் அது ஓடுகிறதா என்று பாருங்கள். லைப்ரரி அசிங்க் முறையில் (ஒரு வேலை முடியக் காத்திராமல் அடுத்ததைத் தொடரும் விதத்தில்) எழுதப்பட்டது என்பதால், பயனருக்குப் பதிலை அனுப்பிவிட்டு நினைவில் எழுதும் வேலையைப் பிறகு செய்வதும் எளிது.

நீக்கும் வசதியையும் முதல் பதிப்பிலேயே வைத்துவிடுங்கள். லாங் டேர்ம் மெமரியில் ஒவ்வொரு பதிவுக்கும் தனி ஐடி உண்டு. பயனர் தன்னைப் பற்றிச் சேமித்திருப்பதைப் பார்க்கவும், வேண்டாததை அழிக்கவும் ஒரு பக்கம் கட்ட அதுவே போதும்.