பிரஷர், குன்யா (பர்மிய வெற்றிலைப்பாக்கு), பாமாயில்: மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் வீட்டுக்காரர் படகுத்துறையில் மூட்டை தூக்குகிறார். ஒல்லியான உடம்பு, இறைச்சியும் எப்போதாவதுதான். அவருக்குப் போய் பிரஷர் 160/100 என்கிறார்கள். பணக்கார வியாதி எங்களுக்கு எப்படி வரும்? (வாசகி, மோல்மீன், பர்மா)

பதில்: பணக்கார வியாதி என்பதெல்லாம் பழைய பேச்சு. மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை, புற்றுநோய் போன்ற தொற்றாநோய்களால் சாகிறவர்களில் நான்கில் மூன்று பேர் ஏழை நாடுகளையும் நடுத்தர வருமான நாடுகளையும் சேர்ந்தவர்கள். கறி குறைந்த தட்டில் சோற்றை உள்ளே இறக்குவது ஙப்பியும் (உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன், இறால் விழுது) கருவாடும் மீன்சாறும்தானே? பிரஷரைக் கூட்டும் உப்பு ஏறுவது அந்த வழியாகத்தான்.

பெரியவர் ஒருவருக்கு எல்லா வழியிலும் சேர்த்து நாளுக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும். தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். பர்மா வீசை 1,633 கிராம் என்பதால், வீசையில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே கூடுதல். உங்கள் வீட்டில் மாதம் ஒரு வீசை உப்பு தீர்ந்தால், ஙப்பியைச் சேர்க்காமலே அளவு இரண்டரை மடங்கைத் தாண்டிவிட்டது.

ஙப்பி போட்ட குழம்பில் தனியாக உப்பு வேண்டாம். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அஜினமோட்டோவில் உப்பில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு சோடியம் இருக்கிறது. உப்பைக் குறைத்துவிட்டு ஒரு சிட்டிகை போட்டால் லாபம். இருக்கிற உப்போடு போட்டால் நஷ்டம். உழைத்து வியர்ப்பவருக்குக் கூடுதல் உப்பு வேண்டும் என்பார்கள். ஙப்பிச்சோறு சாப்பிடுகிறவருக்கு அது ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும், தண்ணீர்தான் பற்றாது.

ஆனால் ஒரே ஒரு அளவை நம்பி முடிவு கட்டாதீர்கள். அளப்பதற்கு அரை மணி முன்பிருந்தே டீ, குன்யா, சுருட்டு கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். கை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் இருக்க வேண்டும்; தொங்கவிட்டால் கூட்டிக் காட்டும். பிரஷர் கருவியின் பட்டையைச் சட்டைக்கு மேலே சுற்றுவதும், பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டுவதும் அப்படியே. இரண்டு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து, இன்னொரு நாளும் பாருங்கள். அப்போதும் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் மருந்து பற்றி மருத்துவரிடம் பேச வேண்டியதுதான். 180/110ஐத் தாண்டி, நெஞ்சுவலியோ முகம் கோணுவதோ வாய் குழறுவதோ இருந்தால் இன்னொரு நாளுக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி. மாத்திரை தொடங்கிய பிறகு, உடம்பு நன்றாக இருக்கிறதே என்று தானாக நிறுத்துவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு.

கேள்வி: குன்யாவில் புகையிலையை மட்டும் விட்டுவிட்டேன். போதுமா? (வாசகர், யாங்கோன்)

பதில்: நல்ல ஆரம்பம், ஆனால் போதாது. புகையிலை சேராவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. சுண்ணாம்பு வாயின் காரத்தன்மையைக் கூட்டி, பாக்கின் சத்தைக் கன்னத்தின் உட்சவ்வில் வேகமாக இறங்கவிடுகிறது. நாளாக நாளாகச் சவ்வு நார்போல் இறுகும். மிளகாய் பட்டால் முன்னைவிட எரிகிறதா? அது முதல் அறிகுறி. உங்கள் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களைச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாயில் நுழைத்துப் பாருங்கள். மூன்றும் நுழையவில்லை என்றால் பல் மருத்துவரிடம் போங்கள். இரண்டு வாரத்தில் ஆறாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, புண் இருந்தாலும் அப்படியே. ஏற்கெனவே இறுகியது பழையபடி ஆகாது, பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவதைத் தடுக்கலாம். வாய்க்குச் சோம்போ ஏலக்காயோ போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: கடலையெண்ணெய் கட்டுப்படியாகவில்லை, பாமாயில்தான். கெடுதலா? (வாசகி, பெகு)

பதில்: பாமாயிலில் ஏறக்குறைய பாதி, இதயத்துக்கு ஆகாத நிறைகொழுப்பு, கடலையெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு. வாங்க முடியாததற்காக வருந்தாமல் அளவைக் குறையுங்கள். பர்மியக் குழம்பில் மேலே மிதக்கும் எண்ணெயைச் சோற்றில் ஊற்றாமல் கரண்டியால் வழித்தெடுங்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்ச வேண்டாம்.