பிரெஞ்சுச் சமையலை வீட்டில் சுலபமாகச் செய்ய முடியுமா? எதில் தொடங்குவது?

கேள்வியோடு கொஞ்சம் விவரமும் சேர்த்திருக்கிறீர்கள்: வீட்டில் ஓவன் இருக்கிறது, நேரம் கிடைப்பது சனி, ஞாயிறில்தான், தேடிப் பார்த்தால் வாயில் நுழையாத பெயரும் இருபது சாமான் பட்டியலும்தான் வருகிறது, உண்மையில் அந்த ஊர்ச் சனம் வீட்டில் என்னதான் சாப்பிடுகிறது, கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டால் குற்றமா என்று.

முடியும், அதுவும் நீங்கள் நினைப்பதைவிடச் சுலபமாக. நான் சமையல் படித்தவன் இல்லை. 2003இல் பாரிசுக்கு வந்தபோது எங்கள் ஆட்கள் பலருக்கும் கிடைத்த அதே வேலைதான் எனக்கும் கிடைத்தது, ரெஸ்ரோரன்ட் குசினியில் கோப்பை கழுவுவது. இரண்டு வருடம் கழுவினேன், பிறகு வெங்காயம் உரித்தேன், பிறகு சலாட் பக்கம் விட்டார்கள், அப்படியே ஏறி வந்தேன். அந்தக் குசினியில் இரண்டு வகைச் சமையல் நடக்கும். ஒன்று வெளியே மேசைக்குப் போவது, அதற்கு ஆறு பேர் வேண்டும். மற்றது காலை பதினொரு மணிக்கு, மத்தியானக் கூட்டம் வருமுன் வேலை செய்கிற நாங்கள் எல்லோரும் நின்றபடியும் வாளியைக் கவிழ்த்து அதில் உட்கார்ந்தபடியும் சாப்பிடுவது. இதை யாராவது ஒருவர் கையில் இருப்பதை வைத்து முக்கால் மணி நேரத்தில் செய்துவிடுவார். பருப்புச் சலாட், உருளைக்கிழங்கும் இறைச்சியும் வைத்து ஓவனில் வாட்டியது, முந்தைய நாள் கோழியில் ஒரு சூப். பிரெஞ்சுக்காரர் வீட்டில் சாப்பிடுவதும் ஏறக்குறைய இதுதான். தொலைக்காட்சியில் காட்டுவதை அவர்களும் தொலைக்காட்சியில்தான் பார்க்கிறார்கள்.

முதலில் வினேகிரெட் பழகுங்கள், அதாவது சலாட்டில் விடுகிற புளிப்புச் சாறு. இரண்டு நிமிட வேலை, ஆனால் அது தெரிந்தால் பாதிச் சாப்பாடு தெரிந்த மாதிரி. ஒரு மேசைக்கரண்டி வினாகிரியில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கரையுங்கள். உப்பு எண்ணெயில் கரையாது, அதனால் இதுதான் முதல் வேலை, மாற்றிச் செய்தால் பல்லில் உப்புக்கல் கடிபடும். பிறகு ஒரு தேக்கரண்டி திஜோன் கடுகு விழுது, கடைசியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய். ஒன்றுக்கு மூன்று, அவ்வளவுதான் கணக்கு. பழைய ஜாம் போத்தலில் போட்டு மூடிக் குலுக்கினால் கெட்டியாகச் சேர்ந்து வரும், சேர்த்துப் பிடிப்பது அந்தக் கடுகுதான். இதைத் துருவிய கரட்டில் விட்டால் ஒரு சாப்பாடு, அவித்த லீக்ஸில் விட்டால் இன்னொன்று.

பருப்பில் விட்டால் இன்னும் நல்லது. இங்கே லு புய் என்ற ஊர்ப் பக்கம் விளைகிற பச்சை நிறப் பருப்பு பெயர் போனது, 1996இலிருந்து அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு, வேறு ஊர்ப் பருப்பை அந்தப் பெயரில் விற்க முடியாது. அது கிடைக்காவிட்டால் தோலுள்ள முழு மைசூர்ப் பருப்பில் செய்யுங்கள், அதற்குச் சொந்தம்தான், ஆனால் கெதியாகக் குழைந்துவிடும், பதினைந்தாவது நிமிடத்திலிருந்து கடித்துப் பார்க்க வேண்டும். ஊறவைக்கத் தேவையில்லை. குளிர்ந்த தண்ணீரில் போட்டு, இரண்டு கராம்பு குத்திய ஒரு முழு வெங்காயம், ஒரு கரட், ஒரு பிரியாணி இலை, மெதுவான நெருப்பில் இருபது, இருபத்தைந்து நிமிடம். குழையக் கூடாது. எங்கள் கைக்கு அதுதான் கஷ்டம், பருப்பென்றால் மசிய வேண்டும் என்றல்லவா வளர்ந்திருக்கிறோம். வடித்தவுடன், சூடாக இருக்கும்போதே வினேகிரெட்டை ஊற்றுங்கள், ஆறின பிறகு ஊற்றினால் மேலேயே வழிந்துகொண்டு நிற்கும், உள்ளே போகாது. மேலே அவித்த முட்டை ஒன்றை வெட்டி வையுங்கள்.

சரி, இனி வெங்காயச் சூப். ஒரே ஒரு பிரெஞ்சுச் சாப்பாடுதான் செய்வேன் என்று பிடிவாதமாக இருப்பவருக்கு இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் இவர்கள் சமையல் எங்கே நம் சமையலிலிருந்து பிரிகிறது என்பது இந்த ஒரு சட்டியில் தெரிந்துவிடும். நாம் வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி அதன்மேல் தூள் போட்டு வாசத்தைக் கொண்டுவருகிறோம். இவர்களுக்குத் தூளே இல்லை, வாசம் முழுக்க அந்த வெங்காயம் சட்டியில் கிடக்கிற நேரத்திலிருந்துதான் வர வேண்டும். அதனால் எங்களுக்கு எட்டு நிமிடம் என்றால் அவர்களுக்கு ஐம்பது நிமிடம்.

நான்கு பேருக்கு ஒரு கிலோ வெங்காயம். அது அதிகம் என்று குறைக்காதீர்கள், கடைசியில் ஒரு கைப்பிடிதான் மிஞ்சும். நீளவாக்கில் மெல்லிதாக வெட்டுங்கள். அடிப்பாகம் தடித்த சட்டியில் ஐம்பது கிராம் பட்டர், ஒரு கரண்டி எண்ணெய், வெங்காயம், உப்பு. முதல் பதினைந்து நிமிடம் மூடி வையுங்கள், வெங்காயம் தண்ணீர் விட்டுத் தளரும். பிறகு மூடியை எடுத்துவிட்டு நடுத்தர நெருப்பில் விட வேண்டியதுதான். இங்கேதான் எல்லோரும் பொறுமை இழப்பார்கள், நானும் இழந்தேன், ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். தண்ணீர் இருக்கிற வரைக்கும் சட்டிக்குள் சூடு நூறு டிகிரிக்கு மேல் போகாது, அதனால் நிறம் வராது. தண்ணீர் வற்றியதும் ஒரு சத்தம் மாறும், கொதிக்கிற சத்தம் போய்ப் பொரிகிற சத்தம் வரும், காதைக் கொடுத்தால் தெரியும். அதன் பிறகுதான் சட்டியின் அடியில் மெல்லிய பழுப்புப் படலம் ஒட்டத் தொடங்கும். அது கருகல் இல்லை, பயப்படாதீர்கள், ருசியே அதுதான். ஒரு கரண்டி தண்ணீர் விட்டு மரக்கரண்டியால் சுரண்டி வெங்காயத்தோடு சேருங்கள், மறுபடி ஒட்டவிடுங்கள், மறுபடி சுரண்டுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் வெங்காயம் கித்துள் கருப்பட்டி நிறத்துக்கு வந்து, ஜாம் மாதிரி இருக்கும். சீனி போடச் சொல்லும் குறிப்புகள் நிறைய உண்டு. நேரம் இருந்தால் சீனி தேவையே இல்லை. (இந்தப் பழுப்பாகிற வேலையை 1912இல் விளக்கியவர் லூயி கமில் மையார் என்ற பிரெஞ்சுக்காரர், இன்றைக்கும் அதற்கு அவர் பெயர்தான்.)

மிச்சம் சுலபம். ஒரு மேசைக்கரண்டி கோதுமை மா தூவி ஒரு நிமிடம் கிளறி, ஒரு சிறு கிளாஸ் வெள்ளை வைன் ஊற்றி, அது பாதியாக வற்றியதும் ஒன்றேகால் லிட்டர் இறைச்சிச் சாறோ மரக்கறிச் சாறோ விட்டு, ஒரு பிரியாணி இலை, தைம் இருந்தால் இரண்டு குச்சி, இருபது நிமிடம் மெதுவாகக் கொதிக்கவிடுங்கள். கட்டியாக விற்கிற சூப் க்யூப் தாராளமாகப் போடலாம், வீட்டில் பிரெஞ்சுக்காரரும் அதைத்தான் போடுகிறார்கள். வைன் வேண்டாம் என்றால் ஒரு தேக்கரண்டி வினாகிரி விடுங்கள், அந்தப் புளிப்பு கொஞ்சம் வேண்டும், இல்லையென்றால் சூப் இனித்துக்கொண்டே இருக்கும். கோப்பையில் ஊற்றி, மேலே முந்தைய நாள் காய்ந்த பாண் (பிரட்தான்) இரண்டு துண்டு, அதன்மேல் துருவிய க்ருயேர் அல்லது கொம்தே சீஸ், ஓவனின் மேல் நெருப்பில் ஐந்து நிமிடம். சீஸ் ஓரத்தில் கொப்பளித்துக் கறுக்கத் தொடங்கும்போது எடுங்கள். நேரே வாயில் வைத்துவிடாதீர்கள், நாக்கு மூன்று நாளைக்கு வேலை செய்யாது, சொந்த அனுபவம்.

இது பணக்காரச் சாப்பாடு இல்லை. பாரிசின் நடுவில் லெ ஆல் என்ற மொத்தச் சந்தை இருந்தது, 1969இல் அதை நகரத்துக்கு வெளியே ரன்ஜிஸ் பக்கம் மாற்றும் வரைக்கும் இரவு முழுக்க மூட்டை தூக்கியவர்கள் விடியற்காலையில் குடித்தது இந்தச் சூப்பைத்தான். காய்ந்த பாணும் வெங்காயமும், வேறென்ன.

அடுத்தது கிராத்தான் தோஃபினுவா, அதாவது பாலிலும் கிறீமிலும் ஓவனில் வெந்த உருளைக்கிழங்கு. இதில் நான் வாங்கிய பேச்சைச் சொல்ல வேண்டும். முதல் தடவை என்னிடம் கிழங்கை வெட்டச் சொன்னார்கள். மெல்லிதாக வெட்டி, அம்மா பழக்கியபடி மூன்று தண்ணீரில் கழுவி, வெள்ளை வெளேரென்று வைத்தேன். ஷெஃப் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். கழுவினால் கிழங்கின் மேலுள்ள மாவுச்சத்து போய்விடும், அந்த மாவுதான் பாலைக் கெட்டியாக்கிக் கிழங்கோடு பிடித்து வைக்கிறது. அன்றைக்கு வந்தது பாலில் மிதந்த கிழங்கு. அதை நாங்கள்தான் பதினொரு மணிக்குச் சாப்பிட்டோம்.

ஆகவே தோலைச் சீவி முழுக் கிழங்காகக் கழுவுங்கள், வெட்டிய பிறகு தண்ணீர் காட்டாதீர்கள். ஒரு கிலோ கிழங்கு, இரண்டு மூன்று மில்லிமீற்றர் தடிப்பு. முந்நூறு மில்லி பால், முந்நூறு மில்லி கொழுப்பு எடுக்காத கிறீம், உப்பு, மிளகு, கொஞ்சம் சாதிக்காய். தட்டின் உட்பக்கம் முழுக்க ஓர் உள்ளிப் பல்லைத் தேய்த்து (பூண்டுதான், நாங்கள் உள்ளி என்போம்) பட்டர் பூசி, கிழங்கை அடுக்கி, ஊற்றி, 160 டிகிரியில் ஒன்றேகால் மணி நேரம். கத்தி நழுவிப் போனால் வெந்துவிட்டது. எடுத்தவுடன் வெட்டாமல் பத்து நிமிடம் விடுங்கள், தளதளவென்று இருப்பது இறுகிவிடும். இதில் சீஸ் போடுவதா என்று கேட்டால் தோஃபினே பக்கத்து ஆட்கள் சண்டைக்கு வருவார்கள், அவர்கள் கணக்கில் சீஸ் கிடையாது. பிரான்சில் கிழங்குப் பையிலேயே எது பொரிக்க, எது மசிக்க, எது கிராத்தானுக்கு என்று எழுதியிருக்கும். அந்த வசதி இல்லாத ஊரில் எந்தக் கிழங்கிலும் செய்யலாம், நேரம்தான் கொஞ்சம் கூடக் குறைய ஆகும்.

மிஞ்சிய இறைச்சிக் கறி இருந்தால் ஆஷி பர்மாந்தியே செய்யுங்கள். கொத்திய இறைச்சியை வெங்காயத்தோடு வதக்கிக் கீழே பரப்பி, மேலே பட்டர் போட்டு மசித்த கிழங்கைப் பூசி, ஓவனில் சிவக்கும் வரை. அவ்வளவுதான். பர்மாந்தியே என்பது 18ஆம் நூற்றாண்டில் இந்தச் சனத்தை உருளைக்கிழங்கு சாப்பிட வைக்கப் பாடுபட்ட மருந்தாளர், பிரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தபோது கிழங்கைத் தின்று பழகியவர். மெட்ரோ மூன்றாம் லைனில் அவர் பெயரில் ஒரு ஸ்டேஷன் உண்டு, கிழங்கு கொடுக்கிற சிலையோடு.

எதைச் செய்ய வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். குரோசான், பகெட் என்ற நீளப் பாண், மக்கரோன். இவை கடையில் வாங்குபவை. இங்குள்ளவர்கள் வீட்டில் பகெட் சுடுவது அபூர்வம், தெருமுனையில் வெதுப்பகம் இருக்கும்போது யார் மினக்கெடுவார்கள். முதல் ஞாயிறே குரோசானுக்கு மா மடிக்கப் போய்ப் பட்டர் முழுக்க உருகி வழிந்து, இந்தச் சமையலே வேண்டாமென்று விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

இனிப்பு வேண்டுமென்றால் யோகட் கேக். இங்கே பிள்ளைகள் முதன்முதலில் செய்யப் பழகுவது இதைத்தான், தராசே தேவையில்லை. 125 கிராம் யோகட் கப் ஒன்றைக் கவிழ்த்துவிட்டு, அந்தக் கப்பையே அளவாக வைத்துக்கொண்டு, சீனி இரண்டு, மா மூன்று, எண்ணெய் அரை, முட்டை மூன்று, பேக்கிங் பவுடர் இரண்டு தேக்கரண்டி, எலுமிச்சைத் தோல் துருவியது. கலக்கி 180 டிகிரியில் முப்பத்தைந்து நிமிடம். மகள் ஆறு வயதில் இதைத் தனியாகக் கலக்கினாள், ஓவனில் வைத்தது மட்டும் நான்.

மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் கவனிக்க: கொம்தே, க்ருயேர் இரண்டிலும் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற உறைதான் சேர்க்கிறார்கள். அது ஒத்துவராது என்றால் உறையில் விலங்குப் பொருள் இல்லை என்று எழுதியிருக்கிற வேறு சீஸ் வாங்குங்கள், உருகினால் போதும்.

மிளகாய்த்தூள் விஷயம். முதல் தடவை போடாமல் செய்யுங்கள், இல்லையென்றால் அந்த ஐம்பது நிமிடம் நின்றதற்குப் பலனே தெரியாது. இரண்டாம் தடவை உங்கள் வீடு, உங்கள் சட்டி. எங்கள் வீட்டில் கிராத்தான் தட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் இடித்த சம்பல் இருக்கும். மனைவி அதைத் தொட்டுக்கொண்டுதான் சாப்பிடுவார், மகள் தொடவே மாட்டாள், நான் முதல் கோப்பைக்குத் தொடாமல் இரண்டாம் கோப்பைக்குத் தொட்டுக்கொள்வேன்.