“எல்லாப் பசங்களும் இப்படித்தாம்மா”

அன்புள்ள மேடம்,

நாங்கள் சத்துவாச்சாரி. எங்கள் ஊர் சதீஷ் சிவலிங்கம் 2014-லும் 2018-லும் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கியவர். அவரைப் போல வரவேண்டும் என்று என் மகனும் வெயிட் லிஃப்டிங் போகிறான். 16 வயது. போட்டி வந்தால் தன் எடைப் பிரிவுக்குள் வர எடை குறைக்க இரண்டு நாள் தண்ணீரே குடிக்க மாட்டான். வேலூர் வெயிலில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு ஓடுவான், பாட்டிலில் எச்சில் துப்பிக்கொண்டே இருப்பான். கேட்டால், “எல்லாப் பசங்களும் இப்படித்தாம்மா” என்பான்.

போன வாரம் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தேன். குழாயடியில் 12 வயதுப் பொடியன் ஒருவன் டம்ளரை வாயில் வைத்தான். என் மகன் பிடுங்கிக் கீழே ஊற்றிவிட்டான். “நாளைக்கு வெயிட் பாக்கணும், தெரியாதா?” கோச் சிரித்துக்கொண்டே, “இவன்தான்டா லீடர்” என்றார். அந்தக் குழந்தையின் உதடு வெடித்திருந்தது, மேடம். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. என் பிள்ளை கெட்டுப்போய்விட்டானா?

- ஒரு தாய்

அன்புச் சகோதரிக்கு,

இல்லை. நல்ல சீனியர் என்றால் இப்படித்தான் இருப்பான் என்று அங்கே கற்றுக்கொண்டதை அவன் செய்தான். கோச்சின் அந்தச் சிரிப்புதான் அவனுக்குச் சான்றிதழ். இந்த வயதில் வீட்டில் பத்துமுறை சொல்வதைவிட கோச் ஒருமுறை தட்டிக்கொடுப்பது ஆழமாக இறங்கும்.

‘எல்லாரும்’ என்கிறானே, அதில் பாதி பிரமை. ஒவ்வொரு பையனுக்கும் நாக்கு வறண்டுதான் இருக்கும். மற்றவன் வாய் திறக்காததால், தாங்க முடியாதவன் தான் மட்டுமே என்று நினைத்து அடக்கிக்கொள்வான்.

இதை லேசாக விடாதீர்கள். 1997-இல் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் 3 பேர் இப்படி எடை குறைக்கப்போய் இறந்தார்கள். அதன்பிறகுதான் அங்கே வியர்க்க வைக்கும் ரப்பர் உடையைத் தடைசெய்தார்கள். பளுதூக்குதலில் எடை பார்ப்பது போட்டிக்கு 2 மணி நேரம் முன்பு. இரண்டு நாள் இழந்த நீர் அதற்குள் திரும்பாது. தலைக்கு மேல் பாரத்தோடு நிற்கும்போது கண் இருட்டினால் என்ன ஆகும்?

மகனைத் திட்டாதீர்கள். “உன் கையிலிருந்து முதன்முதலில் டம்ளரைப் பிடுங்கியது யாரு?” என்று மட்டும் கேளுங்கள். பிறகு அந்தப் பொடியனின் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கோச்சைப் பாருங்கள். சண்டைக்கு வேண்டாம். அவரும் இப்படியே வளர்ந்தவராக இருக்கலாம். “வளர்ற பிள்ளைங்க சார், அடுத்த எடைப் பிரிவுல தூக்கட்டும். தண்ணி குடிக்கச் சொல்லி நீங்களே சொல்லுங்க” என்று கேளுங்கள். அவர் வாயால் வந்தால்தான் பையன்களுக்கு அது கூச்சமில்லாத காரியமாகும். மறுத்தால் வேறு கோச் பாருங்கள். பதக்கம் தள்ளிப்போனால் போகட்டும்.

அந்தப் பொடியனிடம் மன்னிப்புக் கேள் என்று மகனைக் கட்டாயப்படுத்த வேண்டாம். நாளைக்குப் பயிற்சிக்குப் போகும்போது இரண்டு பாட்டில் தண்ணீர் கொடுத்தனுப்புங்கள். இரண்டாவது யாருக்கு என்று அவனுக்கே தெரியும்.