கற்பனை மேப் வரையறவங்க கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

கே: எந்த ஆப் நல்லது?
இங்கார்னேட், வொண்டர்டிராஃப்ட் ரெண்டுமே சீக்கிரம் அழகா காட்டும். ஆனா கத்துக்கணும்னா மொதல்ல பென்சில், பேப்பர். ரெடிமேட் மலையா எடுத்து ஒட்டிக்கிட்டே போனா அது ஏன் அங்க இருக்குன்னு யோசிக்கவே மாட்டீங்க.

கே: நிறைய வரைஞ்சுட்டேன், எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. எப்படி பிராக்டீஸ் பண்றது?
முழு உலகத்தையும் வரையறதை கொஞ்ச நாள் நிறுத்துங்க. உள்ளங்கை அளவு இடம் போதும், ஒரு நாள் கரை மட்டும், ஒரு நாள் மலை மட்டும். நிறைய பேர் கரை முழுக்க ஒரே மாதிரி கை நடுங்குன கோடு போடறாங்க, அங்கதான் மாட்டிக்கிறீங்க. நார்வே கரையை ட்ரேஸ் பண்ணி பாருங்க, பனிப்பாறை குடைஞ்ச இடமெல்லாம் கடல் ஒல்லியா, நீளமா உள்ள போயிருக்கும், அதே நேரம் மணல் கரைன்னா பெரும்பாலும் வழவழன்னு போகும், ரெண்டும் ஒரே மேப்ல இருக்கலாம் ஆனா காரணம் வேணும். மலைக்கு மொதல்ல மலைத்தொடரோட முதுகுக்கோடு போடுங்க, முன்னாடி இருக்கற மலையை முதல்ல வரைங்க, பின்னாடி உள்ளது அது மேல முட்டுற இடத்துல கோட்டை நிறுத்திடுங்க, அழிக்கற வேலையே இல்ல. வெளிச்சம் இடப்பக்கம்னா நிழல் எல்லா மலைக்கும் வலப்பக்கம்தான். அப்புறம் ஆறு கடலை நோக்கி போகப்போக சேரும், பிரியாது. இதை இன்னைக்கு நிறைய தடவை சொல்லப்போறேன்.

கே: பாலைவனத்தை எங்க வைக்கலாம்?
காத்து கடல்லருந்து வந்து மலையில மோதும், மழை அந்தப் பக்கமே கொட்டிடும், மலைக்கு மறுபக்கம் காஞ்சு கிடக்கும். அங்க வைங்க. ஆறு பிரியாது.

கே: எந்த ஆப்ல ஆரம்பிக்கலாம்?
முதல் பதில்.

கே: ஆறு பிரியாதுன்னு சும்மா சொல்லாதீங்க. காசிகியாரே ஆறு என்னவாம்?
வாங்க, இதுக்குத்தான் காத்துட்டிருந்தேன். வெனிசுவேலால ஓரினோகோ ஆத்துலருந்து பிரிஞ்சு ரியோ நெக்ரோ வழியா அமேசானுக்கே போகுது, உண்மைதான், 1800ல ஜெர்மன் ஆய்வாளர் ஹம்போல்ட் அதுல போய் பார்த்து எழுதியிருக்கார். ஆனா அது அவ்வளவு பிரபலமா இருக்கறதே அபூர்வம்ங்கறதாலதான். தண்ணி ரெண்டா பிரிஞ்சா எந்த வாய்க்கால் கொஞ்சம் கூட ஆழமா அரிக்குதோ அதுக்கு தண்ணி கூட போகும், கூட போனா இன்னும் அரிக்கும், கடைசில மத்தது வத்திடும். ரொம்ப சமதளமா இருந்தாதான் ரெண்டும் தாக்குப்பிடிக்கும். டெல்டால பிரியறது இதனாலதான், அதை யாரும் வேணாம்னு சொல்லல.

கே: மேஜிக் உலகத்துல தண்ணி மேல கூட ஏறலாமே சார்?
ஏறட்டும். ஆனா அதுக்கு ஒரு ஊர் வரி கட்டணும், ஒரு ராஜா சண்டை போடணும், கதையில அது தெரியணும். தெரியலைன்னா படிக்கறவனுக்கு நீங்க தப்பா வரைஞ்ச மாதிரிதான் இருக்கும்.

கே: அப்போ ஏரிலருந்து மூணு ஆறு கிளம்பலாமா?
யோவ். ஏரியும் அதே கதைதான், தாழ்வான ஒரு வாய் வழியாத்தான் வழியும். நுழையறது எத்தனை வேணா இருக்கட்டும்.

கே: மலைத்தொடர் பேரை தமிழ்ல விரிச்சு எழுதினா அசிங்கமா வருது.
நல்ல கேள்வி, யாருமே கேக்கறதில்ல. எழுத்துக்கு நடுவுல இடைவெளி கூட்டும்போது சில சாஃப்ட்வேர் கொம்பையும் காலையும் தனியா பிச்சு வச்சிடும், 'கொ'ல கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் நிக்கும். அதனால ஒவ்வொரு எழுத்தையும் தனி டெக்ஸ்டா போட்டு மலை வளைவுக்கு ஏத்த மாதிரி நகர்த்துங்க. பேருக்கு இடத்தை மலை வரையறதுக்கு முன்னாடியே ஒதுக்கிடுங்க.

கே: ரெண்டு ஊருக்கு நடுவுல எவ்ளோ தூரம் வைக்கலாம்?
நடந்து போனா ஒரு நாளைக்கு 25-30 கிலோமீட்டர், நல்ல ரோடா இருந்தா. அதை வச்சு ஸ்கேல் போடுங்க.

கே: ஃப்ரீ ஆப் எதாவது இருக்கா?
க்ரிதா. இனிமே ஆப் கேள்விக்கு பதில் கிடையாது.